மூன்றாவது வாளி

2025 ஒக்டோபர் 26 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில், ஐந்து வீடுகள் சேர்ந்து மொத்தமாக வாங்கி வாளிகளில் சேமித்து வாராவாரம் பங்கிடும் பருப்பில், எங்கள் மூன்றாவது வாளியைத் திறந்தேன். பங்கீட்டு வரிசைப்படி அதன் முறை வருவதற்கு இன்னும் நான்கு வாரங்கள் இருந்தன. ஆயினும் ஜூன் 29 இல் மூடிய அந்த வாளிக்கு அன்றோடு சரியாகப் பதினேழு வாரங்கள் ஆகியிருந்ததால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே திறந்தேன். பெப்ரவரியில் வாங்கிய முதல் சுற்றில் இதே மூன்றாவது வாளி, இதே பதினேழாம் வாரத்தில்தான் பூஞ்சை பூத்துக் கிடந்தது. இம்முறை பருப்பின் வாசனையைத் தவிர வேறொரு வாசனையும் இல்லை. உட்பையைத் தூக்கித் தொங்குதராசில் மாட்டியபோது 16.02 கிலோ காட்டியது. மூடிய நாளில் அது 16.00 ஆக இருந்தது. பத்துக் கிராம் வரைதான் பிரித்துக் காட்டும் தராசில் இருபது கிராம் என்பது கை நடுக்கத்துக்குள் அடங்கிவிடும். இலங்கை மலைநாட்டில் எங்கள் டிக்கோயாப் பக்கத்துத் தென்மேல் பருவமழை முழுவதையும் அந்தப் பருப்பு ஈரம் குடிக்காமல் கடந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தப் பதிவை எழுதும் தைரியம் வந்தது.

தொடங்கியது ஒரு சிறு கணக்கில். எங்கள் லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில்) பெரும்பாலானோர் பருப்பை 100 கிராம், 250 கிராம் என்றுதான் வாங்குகிறார்கள். 2025 தொடக்கத்தில் தோட்டத்துக் கடையில் 100 கிராம் மைசூர் பருப்பு 34 ரூபாவாக இருந்தது. ஆகவே கிலோ 340. அதே பருப்பு கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் மூடையாக எடுத்தால் கிலோ 254 ரூபாவுக்குக் கிடைக்கும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். மைசூர் பருப்பு இந்த நாட்டில் விளைவதில்லை. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வந்து இறங்குகிறது. அது துறைமுகத்திலிருந்து மலையேறி எங்கள் கடைக்கு வருவதற்குள் எத்தனை கை மாறுகிறதோ, அத்தனை கைக்கும் நாங்கள் 100 கிராம் பொட்டலத்தில் கூலி கொடுக்கிறோம். கடைக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. சம்பளம் வரும் பத்தாம் திகதி வரை பற்றுக் கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பவர் அவர். அந்தக் கடனுக்கு வட்டி அவருடைய விலையிலேயே இருக்கிறது. கையில் ரொக்கம் உள்ளவன் மூடையில் வாங்குகிறான், இல்லாதவன் பொட்டலத்தில் வாங்குகிறான் என்பதுதான் விடயம். எனவே ஐந்து வீடுகள் சேர்ந்து ரொக்கத்தைத் திரட்டினால் என்ன என்று யோசித்தோம். 2022 பொருளாதார நெருக்கடியில் பருப்புக்கும் மாவுக்கும் பட்ட பாட்டை யாரும் மறக்காதபடியால், நான்கு வீட்டாரைச் சம்மதிக்க வைப்பதற்கு ஒரு மாலைநேரமே போதுமாக இருந்தது.

2025 பெப்ரவரி 15, சனிக்கிழமை. நான் கொழும்புக்கு ரயிலில் போய் இவற்றை வாங்கினேன். மைசூர் பருப்பு 50 கிலோ, கிலோ 254 ரூபா வீதம் 12,700 ரூபா. கடலை (கொண்டைக்கடலை) 25 கிலோ, 396 வீதம் 9,900. பாசிப்பயறு 20 கிலோ, 730 வீதம் 14,600. நாட்டரிசி 50 கிலோ, 222 வீதம் 11,100. கொத்தமல்லி 10 கிலோ, 430 வீதம் 4,300. மொத்தம் 52,600 ரூபா. பணத்தை நான் முன்கூட்டிக் கட்டி, மூன்று மாதத்தில் நால்வரிடமிருந்தும் வசூலிப்பதாக ஏற்பாடு.

சாமானைக் கொண்டுவந்த வழியைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த முயற்சியில் நான் முதல் முறையிலேயே சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். கொட்டகலைப் பக்கத்திலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு பேலியகொடைச் சந்தைக்கு இறங்கும் லொறிகள் திரும்பும்போது பெரும்பாலும் வெறுமையாகவே வருகின்றன. அப்படியொரு லொறியில் மூடைக்கு 150 ரூபா பேசி, ஏழு மூடைகளுக்கு 1,050 கொடுத்தேன். புறக்கோட்டையில் நாட்டாமைக் (மூடை தூக்குபவர்) கூலி 600, ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கு முச்சக்கரவண்டி இரண்டு நடை 1,200, என் ரயில் செலவும் சாப்பாடும் 900. ஆக 3,750 ரூபா. 155 கிலோவுக்குப் பகிர்ந்தால் கிலோவுக்கு 24 ரூபா ஏறுகிறது. இந்த 24 ரூபாவைப் புறப்படும் முன் நான் கணக்கில் எடுத்திருந்தால் அரிசியைத் தொட்டிருக்கவே மாட்டேன். நாட்டரிசிக்கு 2024 டிசம்பரில் 230 ரூபா உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டிருந்தது. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இடையில் ஐந்து ரூபா மட்டுமே இடைவெளி. எங்கள் கடைக்காரர் 230 க்கே விற்றார். நான் 222 க்கு வாங்கி, 24 ரூபா செலவில் மலையேற்றி, 246 ரூபா அரிசியை ஐந்து வீட்டுக்கும் பெருமையோடு பங்கிட்டேன். அடுத்த வீட்டு மாமி முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்: “மாஸ்டர், இந்த அரிசிக்கு ரயில் டிக்கட்டும் நாங்கதான் எடுத்தமா?” என்னிடம் பதில் இல்லை.

அடுத்த பிரச்சினை பாத்திரம். ஹட்டனில் ஒரு பேக்கரியில் மாஜரின் வந்த இருபது லீற்றர் வாளிகளை ஒன்று 400 ரூபாவுக்கு ஒன்பது வாங்கினேன். பெயின்ட் வாளி மலிவாகக் கிடைத்தது. உரப்பைகள் சும்மாவே கிடைத்தன. இரண்டையும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். மாஜரின் பிசுக்குப் போக மூன்று தடவை சுடுநீரும் சவர்க்காரமும், கடைசியில் அப்பச்சோடாக் கரைசலும் தேவைப்பட்டன. ஒரு வாளி 16 கிலோ பருப்புப் பிடிக்கிறது. கடலை 15 கிலோவுக்கு மேல் இறங்கவில்லை. கொத்தமல்லி ஆறு கிலோவிலேயே விளிம்பைத் தொட்டுவிட்டது. எடையைப் பார்த்து வாளி வாங்கியவனுக்கு, இடத்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கொத்தமல்லிதான் சொல்லிக்கொடுத்தது. பருப்பில் 48 கிலோ மூன்று வாளிகளில் போனது. எஞ்சிய இரண்டு கிலோ முதல் வாரப் பங்காக அன்றே போய்விட்டது. வாரத்துக்கு வீட்டுக்கு 400 கிராம், ஐந்து வீட்டுக்கும் 2 கிலோ என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம். நிறுப்பதற்கு 50 கிலோ வரை தாங்கும் தொங்குதராசு ஒன்று 1,450 ரூபாவுக்கு வாங்கினேன். பங்கீட்டில் சண்டை வராமல் காத்தது அந்தத் தராசு என்றுதான் சொல்வேன். இல்லாவிட்டால் இரண்டாம் மாதத்திலேயே கூட்டு கலைந்திருக்கும்.

வாளிகளைக் குசினி வெளிச்சுவர் ஓரமாக, சீமெந்துத் தரையில் வரிசையாக வைத்தேன். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. மூன்றாவது பருப்பு வாளியின் மூடி விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்ததைக் கண்டேன். பொலித்தீன் சுற்றி நூலால் கட்டிவிட்டு, அதையே கடைசியில் திறப்போம் என்று எண்ணிக்கொண்டேன். கடைசிவரை இருக்க வேண்டிய வாளிக்கு நல்ல மூடியல்லவா தேவை என்று அப்போது தோன்றவில்லை.

முதலில் கெட்டது பயறு. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், ஏப்ரல் 13 இல், பயறு எடுக்க வாளியைத் திறந்தபோது மூடியின் உட்புறத்தில் சிறு கபில நிற வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கையை விட்டு அள்ளினால் மா போன்ற தூள் விரலில் ஒட்டியது. ஒவ்வொரு பயற்றிலும் ஊசியால் குத்தியது போல வட்டமான ஓட்டை. வாங்கிய நாளில் பயற்றின் தோலில் வெண்புள்ளிகள் இருந்ததை நான் கண்டிருந்தேன். மூடைத் தூசி என்று நினைத்துவிட்டேன். அவை முட்டைகள். பயற்று வண்டு முட்டையைத் தோலின்மேல் ஒட்டிவிடுகிறது. புழு நேராக விதைக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டான பின்தான் வெளியே வருகிறது. ஆகவே நான் ஏற்கெனவே போட்டிருந்த செத்தல் மிளகாயும், வவுனியாவிலிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்த வேப்பிலையும் எந்தப் பயனும் தரவில்லை. விதைக்குள் குடியிருப்பவனுக்கு வெளியிலுள்ள காரமும் கசப்பும் எப்படிப் படும்? வாளியை வாராவாரம் திறந்து மூடியதால் உள்ளே காற்றுக்கும் குறைவில்லை. நீரில் போட்டு மிதப்பதை ஒதுக்கிப் பார்த்தோம். பாதிக்கு மேல் மிதந்தது. மூழ்கியதைப் பிளந்து பார்த்தால் அதற்குள்ளும் புழு. 20 கிலோவில் எட்டு வாரத்தில் 6.5 கிலோ சாப்பிட்டிருந்தோம். மீதி 13.5 கிலோவும் லயத்துக் கோழிகளுக்குப் போனது. அந்த வருடப் புத்தாண்டை எங்களைவிடக் கோழிகளே சிறப்பாகக் கொண்டாடின.

பயறு கெட்டதற்குக் காரணம் நான் வாங்கிய விதம். பருப்பு கெட்டதற்குக் காரணம் நான் வைத்த இடம். மே மாதக் கடைசியில் மழை தொடங்கியது. இங்கே மழை என்றால் ஜூன், ஜூலையில் துணி மூன்று நாளானாலும் உலராது. உப்புப் போத்தலில் தண்ணீர் கட்டும். புத்தக அட்டையில் வெண்பூஞ்சை படரும். ஜூன் 15 இல் மூன்றாவது வாளியைத் திறந்தபோது, வாளி திறக்கும் முன்பே, நூலை அவிழ்க்கும்போதே, ஊறிய சாக்கு வாடை அடித்தது. மேற்பரப்பிலும் சுவர்ப்பக்கம் இருந்த விளிம்பு நெடுகவும் பருப்பு கட்டி கட்டியாக ஒட்டி, சாம்பல் பச்சையாக மாறியிருந்தது. நடுவில் இருந்தது நிறம் மாறவில்லை. கழுவி வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு ஓர் ஆள் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. பூஞ்சை விடும் நஞ்சுகளில் சில சமைத்தாலும் அழிவதில்லை. பூத்த பகுதியோடு சுற்றிலும் நான்கு விரல் அளவு தாராளமாகவே எடுத்து நிறுத்தேன்: 5.2 கிலோ. அதைக் கோழிக்கும் போடாமல் குழி தோண்டிப் புதைத்தோம்.

மீதி 10.8 கிலோவை எப்படிக் காய வைப்பது? ஹட்டனில் அந்த வாரம் சூரியனே தெரியவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மச்சானிடம், தேயிலையை மூன்று வீத ஈரத்துக்குக் காய வைக்கும் உங்கள் உலர்த்தியில் ஒரு சுற்று விட முடியாதா என்று அரைகுறையாகக் கேட்டுப் பார்த்தேன். “பருப்பு மணக்கிற தேயிலைய யாரு மச்சான் ஏலத்தில எடுப்பா?” என்று சிரித்துவிட்டுப் போனார். அடுப்புக்கு மேலுள்ள பரணில் இரண்டு இரவு பரப்பினேன். கைக்குக் காய்ந்தது போல இருந்தாலும் புகை வாடை ஏறத் தொடங்கியது. கடைசியில் கைகொடுத்தது மலைநாட்டின் மறுபக்கம். தென்மேல் காற்று மழையை எங்கள் பக்கத்தில் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. பட்டிப்பொலை தாண்டி ஒகியாவுக்கு முன் வரும் சுரங்கப்பாதைக்குள் ரயில் மழையோடு நுழைந்து வெயிலில் வெளியே வருவதை அந்த மாதங்களில் பயணம் செய்த எவரும் கண்டிருப்பார்கள். ஜூன் 20 ஆம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம், 10.8 கிலோ பருப்பைத் தலையணை உறையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பண்டாரவளையில் உள்ள அக்கா வீட்டுக்குப் போனேன். “எல்லாரும் பிள்ளைய தூக்கிட்டு வருவாங்க, நீ பருப்பத் தூக்கிட்டு வாறியே தம்பி” என்றார் அக்கா. சனியும் ஞாயிறும் முற்றத்தில் படங்கு விரித்துப் பரப்பி, மணிக்கொரு தடவை கிளறிவிட்டேன். நிறுத்தபோது 10.45 கிலோ. 350 கிராம் தண்ணீர் போயிருந்தது.

காய்ந்துவிட்டதா என்று அறிய நான் பயன்படுத்திய சோதனை மிக எளியது. உப்பைச் சட்டியில் வறுத்து ஆற வைத்து, உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு கைப்பிடி பருப்போடு ஒரு தேக்கரண்டி போட்டு, மூடிக் குலுக்கிவிட்டுப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். தானியத்தில் ஈரம் ஏறத்தாழ 15 வீதத்துக்கு மேல் இருந்தால் உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை ஒட்டியது, ஞாயிறு மாலை ஒட்டவில்லை. அந்தப் பருப்பை அடுத்த ஐந்து வாரம் பங்கிட்டுச் சாப்பிட்டு முடித்தோம்.

முதல் சுற்றின் கணக்கு இதுதான். கெடாமல் எங்கள் வயிற்றுக்குப் போனதை அதே தோட்டத்துக் கடையில் வாங்கியிருந்தால், பருப்பு 340, கடலை 520, பயறு 900, அரிசி 230, கொத்தமல்லி 650 என்ற விலைகளில் 51,963 ரூபா ஆகியிருக்கும். நாங்கள் செலவிட்டது 56,350. சிக்கனத்துக்காகப் பட்ட பாட்டில் 4,387 ரூபா நட்டம். வாளி, தராசு விலை இதில் சேரவில்லை. கடலையும் கொத்தமல்லியும் ஒரு குறையும் இல்லாமல் தப்பியதால்தான் நட்டம் இந்த அளவோடு நின்றது.

இரண்டாம் சுற்றுக்கு முன் ஈரத்தை அளக்க முடிவு செய்தேன். வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய கருவி 1,100 ரூபா. அதை நம்பலாமா என்பதற்கு ஒரு வழி இருக்கிறது: போத்தல் மூடியொன்றில் உப்பைச் சிறிது தண்ணீர் விட்டுக் குழைத்து, கருவியோடு இறுக்கமான டப்பாவில் ஒருநாள் மூடி வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 வீதத்தில் நிற்கும். என் கருவி 79 காட்டியது. ஆகவே அது சொல்வதில் நான்கைக் கழித்துக்கொள்கிறேன். அப்படிக் கழித்த பின்னும் வெளிச்சுவர் மூலையில், வாளிகள் இருந்த அதே இடத்தில், 18 பாகையில் 90 வீதம். விறகடுப்புக்குப் பின்சுவரின் மறுபக்கத்தில், நாங்கள் பழைய சாமான் போட்டு வைத்திருந்த இடத்தில், 22 பாகையில் 70 வீதம். நான்கு பாகைச் சூடு மட்டுமே வித்தியாசம். காற்றில் உள்ள தண்ணீர் அதேதான். சுவரின் கதகதப்பில் அது தானியத்தில் ஏறாமல் நிற்கிறது. நாலு மாதம் நான் வாளிகளை வீட்டிலேயே மிக மோசமான மூலையில் வைத்திருந்தேன், அதுவும் அழகாக இருக்கிறது என்பதற்காக.

இரண்டு பழைய பைனஸ் மரத்தட்டுகளைப் பிரித்து, தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் ஒரு தாங்கி அடித்தேன். ஆணியும் பலகையும் 1,300 ரூபா. முதலில் சுவரோடு ஒட்டியே வைத்தேன். மாலையில் அடுப்பெரியும்போது வாளியின் பக்கம் 31 பாகை காட்டியது. ஈரத்துக்குப் பயந்து வண்டுக்கு மெத்தை விரித்துக் கொடுத்தது போலாகிவிடும் என்று உணர்ந்து, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தபின் 22, 23 இல் நின்றது.

வாளிக்குள் 300 கேஜ் தடிப்புள்ள பொலித்தீன் உட்பை போடுகிறேன். ஒன்று 60 ரூபா, ஒன்பதுக்கு 540. தானியத்தை விளிம்புவரை நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து, மோட்டார் சைக்கிள் டியூப் நறுக்கால் கட்டி, அதன்மேல் மூடி போட வேண்டும். வெடித்த மூடியை எறிந்துவிட்டேன். இடையில் இன்னொரு தவறும் நடந்தது. மச்சான் கிழிசல் என்று ஒதுக்கிய, உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டிய தேயிலைக் கடதாசிப் பை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஈரம் புகாது என்பது உண்மைதான். ஆனால் அதில் வைத்த ஒரு கிலோ கொத்தமல்லியில் வைத்த ரசம் தேயிலைத் தூள் மணத்தது.

ஈரம் உறிஞ்ச வறுத்த அரிசிதான் பயன்படுத்துகிறேன். உப்புக் குப்பியில் நாலு மணி அரிசி போடுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். நான் அதைப் பெரிதாக்கினேன். பச்சரிசியைப் பொன்னிறத்துக்குச் சற்று முன்வரை வறுத்து, ஆறியவுடன் சரியாக 250 கிராம் நிறுத்து, துணிப்பையில் தைத்து, உட்பையின் மேல்பகுதியில் வைக்கிறேன். இந்தப் பையின் எடையே எனக்கு ஈரமானி. 275 கிராமைத் தாண்டினால் மறுபடி வறுப்பேன். ஆனால் இதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. பண்டாரவளையில் என் பருப்பிலிருந்து போன தண்ணீர் மட்டும் 350 கிராம். இந்தப் பை குடிப்பதோ 25, 30 கிராம். உலர்ந்த தானியத்துக்குக் காவல் இருக்குமே தவிர, நனைந்த தானியத்தைக் காய வைக்காது.

பணத்துக்கும் வேறு வழி செய்தோம். மார்ச் முதல் ஜூன் வரை வீட்டுக்கு மாதம் 1,600 ரூபா வீதம் சீட்டுப் போல, சம்பளம் வந்த மறுநாளே சேர்த்தோம். நாலு மாதத்தில் 32,000. முதல் சுற்றின் கடனும் அதே மாதங்களில் வசூலானதால் சில வீடுகளுக்கு அது கடினமாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜூன் 28 இல் நான் கொழும்புக்குப் போகவில்லை. முன்பு வாங்கிய கடைக்கே தொலைபேசியில் சொல்லி, வங்கியில் பணம் போட்டு, அதே கொட்டகலை லொறியில் எடுப்பித்தேன். பருப்பு 50 கிலோ 250 வீதம் 12,500, கடலை 25 கிலோ 390 வீதம் 9,750, கொத்தமல்லி 10 கிலோ 440 வீதம் 4,400, பயறு ஐந்தே கிலோ 740 வீதம் 3,700. லொறி, நாட்டாமை, முச்சக்கரவண்டி எல்லாம் 2,000. மொத்தம் 32,350, குறைந்த 350 ஐ நான் போட்டேன். அரிசி இல்லை.

கொழும்பிலிருந்து வந்த மூடை தொட்டால் சூடாக இருக்கும். அதை அப்படியே வாளியில் அடைத்தால், இரவுக் குளிரில் மூடியின் உட்புறம் வியர்க்கும். ஆகவே மூடைகளைப் பிரிக்காமல் தாங்கியில் ஓர் இரவு ஆற வைத்து, மறுநாள் உப்புச் சோதனை செய்துவிட்டு நிரப்பினேன். கடலையில் நூறு மணிகளை வெள்ளைத் தாளில் பரப்பிக் கைத்தொலைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன்; ஒரு வெண்புள்ளியும் இல்லை. பயற்றில் மூன்று மணிகளில் இருந்தன. அதை ஒவ்வொரு கிலோவாகப் பொட்டலம் கட்டி, டவுனில் ஐஸ்கிறீம் விற்கும் ஒருவரின் உறைபெட்டியில் ஐந்து நாள் வைத்தோம்; அவருக்கு மின்சாரத்துக்கென 300 ரூபா. வெளியே எடுத்ததும் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. ஒருநாள் முழுவதும் அறைச் சூட்டுக்கு வரவிட்ட பின்பே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த பயற்றில் பனி இறங்கிவிடும். அந்தப் பயறு கடைசி மணிவரை சுத்தமாக இருந்தது.

இந்தச் சுற்றில் எல்லாம் பழுதின்றித் தீர்ந்தால் கடை விலையில் 41,000 ரூபா பெறுமதி. உறைபெட்டிச் செலவையும் சேர்த்தால் 8,350 ரூபா மிச்சம், வீட்டுக்கு 1,670. 2025 இல் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது; ஐந்து ஆறு மாதத்துக்கு இது ஒரு நாள் கொழுந்து பறிக்கும் கூலிக்குச் சற்றுக் கூடுதலான பணம். பெரிய தொகை அல்ல. ஆனாலும் மழையில் நனையாமல் வந்த ஒரு நாள் சம்பளம் என்கிறார் மாமி. முதல் சுற்றின் 4,387 நட்டத்தையும், வாளி 3,600, தராசு, ஈரமானி, தாங்கி, உட்பை என்று 7,990 ஐயும் சேர்த்தால், கூட்டுக் கணக்கு இன்றும் 4,027 ரூபா பின்னால்தான் நிற்கிறது.

அடுத்த முறை பருப்பு, கடலை, கொத்தமல்லி மூன்றோடு நிற்பேன். பயறு வேண்டுமென்றால் உறைபெட்டி கொள்ளும் ஐந்து கிலோவுக்கு மேல் இல்லை. வாளிகளை மூடிக்குள் இறப்பர் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்; மாஜரின் வாளிகளில் பாதிக்கு மேல் அது இல்லை. இன்னொன்று, 16 கிலோவையும் ஒரே உட்பையில் போடாமல், இரண்டு கிலோ வீதம் எட்டுச் சிறு பைகளில் போட்டால் ஒவ்வொரு ஞாயிறும் முழு வாளியும் காற்றைப் பார்க்க வேண்டியதில்லை. இதை முன்பே செய்யாததற்குக் காரணம் சோம்பல் மட்டும்தான்.

அன்று மூன்றாவது வாளியில் இருந்த வறுத்த அரிசிப் பை 268 கிராம் நிறுத்தது. 275 ஐத் தொடவில்லை என்றாலும், திறந்தது திறந்ததுதான் என்று மறுபடி வறுத்து 250 க்குக் கொண்டுவந்து உள்ளே வைத்தேன். உட்பையை முறுக்கிக் கட்டி, மூடியின்மேல் அந்த வாளியின் முறை வரும் நாளை, ‘நவம்பர் 23’ என்று, எழுதியிருக்கிறேன்.